ஸ்டியரிங்கைப் பிரித்து மாட்டியவர் சென்சாரைச் சரிசெய்து தர வேண்டாமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். தாளவாடியில் தோட்டம் இருப்பதால் அடிக்கடி திம்பம் மலைப்பாதையில் காரில் போய்வருகிறேன். சில மாதங்களுக்கு முன் லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது முன்பக்க இடது சக்கரம் ஓரக்கல்லில் மோதிவிட்டது. கோவையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். லோயர் ஆர்மும் (சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்டியரிங் ரேக்கும் (ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்து கொடுத்தார்கள். பெரும்பகுதி பில்லை இன்சூரன்ஸ் கட்டியது, மீதியை நான் கட்டினேன். வண்டியை எடுத்ததிலிருந்து, நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியே நிற்கிறது. ஒரு வளைவில் நான் பிரேக்கைத் தொடாமலே ஒரு சக்கரம் மட்டும் பிடித்து இழுத்தது. அதற்குப் பிறகு சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. கேட்டால் முதலில் "ஓட்ட ஓட்டச் சரியாயிருமுங்க" என்றார்கள். மறுபடி போனபோது, "சென்சார் காலிப்ரேஷன் (அளவைச் சரிசெய்து பதிவது) ஜாப் கார்டில் (வேலைப் பட்டியலில்) இல்லை, அதற்குத் தனியாகப் பணம் கட்டுங்கள்" என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வழக்குக்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு மூன்று காரியங்கள் இருக்கின்றன. அவற்றைத் தவறவிட்டால் நல்ல வழக்கும் கைநழுவிப் போகும்.

முதலில் அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலின் (ஈ.எஸ்.சி.) விளக்கு; வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. அந்த அமைப்பு இரண்டு விஷயங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் வண்டியை எந்தப் பக்கம் திருப்ப நினைக்கிறீர்கள் என்பதை ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் சொல்கிறது. வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை, வண்டி சுழலும் வேகத்தை அளக்கும் யா ரேட் சென்சாரும், பக்கவாட்டு விசையை அளக்கும் சென்சாரும் சொல்கின்றன. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி சறுக்குகிறது என்று முடிவெடுத்து, ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும். என்ஜின் வேகத்தையும் குறைக்கும். ரேக்கைக் கழற்றி மாட்டியபோது 'நேர்' என்ற நிலையே சில டிகிரி தள்ளிப் போயிருந்தால், நேராகப் போகும் வண்டியையும் திரும்புவதாக அந்த கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதோடு ஒத்துப்போகின்றன. சிஸ்டம் தவறைக் கண்டுபிடித்ததும் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் நனைந்த வளைவில் வண்டி சறுக்கினால் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

அதனால்தான் ஸ்டியரிங் ரேக், ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டு), சப்ஃப்ரேம் (முன்சக்கர அமைப்பைத் தாங்கும் அடிச்சட்டகம்) போன்றவற்றைக் கழற்றினாலோ, அலைன்மென்டை மாற்றினாலோ, அந்த சென்சாரையோ ஈ.எஸ்.சி. யூனிட்டையோ மாற்றினாலோ சென்சாரின் பூஜ்ஜிய நிலையை, அதாவது 'நேர்' எது என்பதை, திரும்பப் பதியச் சொல்லி பெரும்பாலான தயாரிப்பாளர்களின் சர்வீஸ் கையேடுகள் கூறுகின்றன. அதற்கு ஒரு வரிசையும் உண்டு. டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், அலைன்மென்ட் முதலில் முடிய வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், அப்புறம்தான் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பதிய வேண்டும். அலைன்மென்டுக்கு முன்னாலேயே பதிந்துவிட்டால் அந்த வேலை வீண். பேட்டரி வயரை மட்டும் கழற்றி மாட்டியிருந்தால் கதை வேறு. சில கார்களில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, சிறிது தூரம் நேராக ஓட்டினாலே விளக்கு அணைந்துவிடும். "ஓட்ட ஓட்டச் சரியாயிரும்" என்று அவர்கள் சொன்னது அங்கே பொருந்தும். ரேக் மாற்றிய உங்கள் வண்டிக்கு அதைச் சொல்ல, கையேட்டில் எங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஜாப் கார்டில் எழுதாதது எங்கள் வேலை இல்லை என்பது சர்வீஸ் சென்டரின் வாதம். எனக்கு இது துளியும் ஏற்புடையதல்ல. நீங்கள் ரேக்கை வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. மோதிய காரை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி விட்டீர்கள். ரேக் மாற்றினால் காலிப்ரேஷன் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், அது ரேக் மாற்றும் வேலையின் கடைசிப் படி. அதைச் செய்யாமல் வண்டியை ஒப்படைத்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11)-வது பிரிவு, சேவையின் தரத்திலும் செய்யும் முறையிலும் உள்ள குறையைச் சேவைக் குறைபாடு என்கிறது. நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதே பிரிவில் அடங்கும். காலிப்ரேஷன் தேவை என்று தெரிந்தும் உங்களிடம் சொல்லாமல் சாவியைக் கொடுத்திருந்தால் அந்த இரண்டாவது பகுதியும் கைகொடுக்கும்.

"பணம் கொடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி, நீங்கள் எங்கள் நுகர்வோரே இல்லை" என்றும் வாதம் வரலாம். பயப்பட வேண்டாம். சேவையின் பலனைப் பெறுபவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. தவிர, ஒரு பங்கை நீங்களே கட்டியிருக்கிறீர்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வழக்கின் உயிர் ஆதாரத்தில் இருக்கிறது. விளக்கு எரிகிறதே என்று நீங்கள் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போய், அவர் ஸ்கேனரை மாட்டி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் எல்லாக் கோளாறுக் குறியீடுகளையும் அழித்துவிட்டால், அதோடு சாட்சியும் அழிந்துபோகும். ஆகவே வேறு இடத்தில் சரிசெய்வதற்கு முன்னால், ஸ்கேனர் வசதியுள்ள வேறொரு பட்டறையில் வண்டியைக் காட்டி, குறியீடுகளையும் சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டியரிங் சென்சார் காட்டும் கோணத்தையும் பிரின்ட் எடுங்கள். தேதி, வண்டி எண், ஓடிய கிலோமீட்டர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பரிசோதித்தவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்; பின்னாளில் அவரிடம் பிரமாணப் பத்திரம் கேட்க வேண்டிவரும். விளக்கு எரிவதையும், நேரான ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நிற்பதையும் பக்கத்தில் உட்காருபவரை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் அட்வைசரோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் ஒரு வரியையும் அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் தயார்செய்வார்.

அதே சமயம், சரிசெய்யும் வரை அந்த வண்டியில் திம்பம் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 27 கொண்டை ஊசி வளைவுகள், கரும்பு லாரிகள், மூடுபனி. உயிருக்காகச் சொல்வது முதல் காரணம். சட்டக் காரணமும் ஒன்று உண்டு. பழுது இருப்பது தெரிந்தும் ஆபத்தான நிலையிலுள்ள வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் குற்றம். அதனால் விபத்து நடந்து ஆளுக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இன்று நீங்கள் பாதிக்கப்பட்டவர். எச்சரிக்கை விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டி யார் மேலாவது மோதினால், "தெரிந்தே ஓட்டினார்" என்று எதிர்த்தரப்பு உங்களையே கைகாட்டும்.

ஆகவே இப்போதே சர்வீஸ் சென்டருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ரேக் மாற்றிய பின் உங்கள் மாடலுக்குக் கையேடு சொல்லும் வேலைகள் என்ன, அவற்றில் எவை எந்தத் தேதியில் செய்யப்பட்டன, விட்டுப்போன காலிப்ரேஷனை 15 நாளுக்குள் இலவசமாகச் செய்து அதன் ஸ்கேன் அறிக்கையைத் தருகிறார்களா. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். காலிப்ரேஷனும் அதே விபத்தின் பழுதுவேலைதான், கூடுதல் எஸ்டிமேட்டாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பல இடங்களில் இந்த ஒரு கடிதத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது.

அவசரமாக வண்டி வேண்டும், பணம் கட்டினால்தான் செய்வோம் என்கிறார்கள் என்றால் கட்டிவிடுங்கள். ஆனால் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பில் தர மறுத்தால் அதுவே நியாயமற்ற வணிக நடைமுறை, தனிப் புகாருக்கு இடம் தரும். செய்த வேலைக்கான கூலி பாக்கி என்று சொல்லி வண்டியைப் பிடித்துவைக்க 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. எனவே சாவிக்காக அங்கே வாய்த்தகராறு செய்வதைவிட, கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பது மேல்.

நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். சர்வீஸ் சென்டர் கோவையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு இடம் கொடுப்பதால் ஈரோடு மாவட்ட ஆணையம் போதும். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் எதுவும் கிடையாது. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவைப்பதும் நல்லது.

என்ன கேட்கலாம்? காலிப்ரேஷன் செலவு, பரிசோதனைக் கட்டணம், வண்டி நின்ற நாட்களில் வாடகைக் காருக்குக் கொடுத்தது, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு. பத்து லட்சம், இருபது லட்சம் என்று கேட்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ரசீது காட்ட முடிந்த தொகையையும் அதையொட்டிய நியாயமான இழப்பீட்டையும் கேட்டால் ஆணையம் மனம் வைத்துப் பார்க்கும். நல்லவேளையாக உங்களுக்கு விபத்தோ காயமோ நேரவில்லை. நேர்ந்திருந்தால் பழுதுபார்த்தவர் மீது அதே சட்டத்தின் 85-வது பிரிவுப்படி பொருள் சார்ந்த பொறுப்பு வழக்கே (பொருளாலோ அதற்கான சேவையாலோ வந்த தீங்குக்கு இழப்பீடு கேட்பது) போட்டிருக்கலாம். காருக்கு மட்டும் வந்த சேதத்துக்கு அந்தப் பிரிவு உதவாது.

புகார் தர 69-வது பிரிவுப்படி இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. இருந்தாலும் ஸ்கேன் அறிக்கையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எடுத்தால், "நடுவில் வேறு எங்கேயோ குழியில் விட்டிருப்பார்" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.