'உண்டாட்டு' என்று அடியுங்கள்

கேள்வி: துறை விழா அழைப்பிதழில் 'அறிவுத் தாகம் தீர்க்கும் கருத்தரங்கு' என்று எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவர் அதை அடித்துவிட்டு 'சிம்போசியம்' என்று போடச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானே? (ஒரு மாணவி, தேனி)

பதில்: கருத்தரங்கு கிடக்கட்டும் அம்மா, 'தாகம்' என்று எழுதினீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. சிம்போசியம் கிரேக்கச் சொல். 'சிம்' என்றால் சேர்ந்து, 'போசிஸ்' என்றால் குடிப்பது. அசல் தாகம்! சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் கட்டிலில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொள்வார்கள், பெரிய ஜாடியில் ஒயின் வரும், அதில் எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று சொல்ல ஒரு தலைவர் இருப்பார். நம் ஊரில் தலைவர் முக்கால் மணி நேரம் தலைமையுரை ஆற்றுகிறார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைக்கக்கூட ஆள் இல்லை.

இந்தச் சொல்லுக்கு மரியாதை தேடித் தந்தது கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் 'சிம்போசியம்' என்ற நூல். கி.மு. 416-இல், நாடகப் போட்டியில் ஜெயித்த அகத்தோன் வீட்டில் விருந்து. முதல் நாள் குடித்ததே இன்னும் இறங்கவில்லை, இன்றைக்கு அளவாகக் குடிப்போம் என்று குழல் ஊத வந்த பெண்ணையும் அனுப்பிவிட்டு, பொழுது போகக் காதலைப் பற்றி ஆளுக்கொரு முறை பேசினார்கள். நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் முறை வந்தபோது அவருக்கு விக்கல். பக்கத்திலிருந்த மருத்துவர் மூச்சை அடக்கு, தண்ணீரைக் கொப்பளி, நிற்காவிட்டால் மூக்கைச் சீண்டித் தும்மு என்று வைத்தியம் சொல்லிவிட்டு அவருக்குப் பதில் தானே பேசினார். கடைசியில் தும்மலுக்குத்தான் விக்கல் அடங்கியது. ஆங்கிலத்துக்குப் போன சொல்லில் நாளடைவில் குடி கழன்று பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

பொன்னாடை விஷயத்தில் எனக்கும் ஒரு பேராசிரியருக்கும் இருபது வருடப் பகை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவருக்காகவே இதைச் சொல்கிறேன்: அந்த விருந்தின் நடுவில் போதையில் நுழைந்த ஏதென்ஸ் அரசியல்வாதி அல்சிபியாடீஸ் அகத்தோன் தலையில் நாடாக்களைச் சூட்டினார், சாக்ரடீஸைப் பார்த்ததும் அதிலேயே கொஞ்சத்தை உருவி அவருக்கும் சூட்டினார். ஒரே செலவில் இரண்டு மரியாதை!

சரி, உங்கள் அழைப்பிதழ். துறைத்தலைவர் மூலப் பொருள் மாறக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் நல்ல தமிழ்ச் சொல்லே இருக்கிறது: உண்டாட்டு. ஆநிரை கவர்ந்து வந்த வீரர்கள் கூடிக் கள் குடித்துக் களிப்பதைத் தொல்காப்பியம் அப்படித்தான் சொல்கிறது, கம்பர் ஒரு படலத்துக்கே அந்தப் பெயர் வைத்திருக்கிறார். 'பன்னாட்டு உண்டாட்டு' என்று அடித்து முதல்வரிடம் கையெழுத்துக்கு அனுப்புங்கள். அவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.