வாசகர் கேள்வி – பதில்: காலணி மண்ணும் பாங்க்சியாவும்

கேள்வி: தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் காப்புப் பூங்காவுக்குப் போனோம். காலணியைத் தேய்த்து, ஸ்பிரிட் தெளித்த பிறகுதான் உள்ளே போகச் சொல்லி வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அரிய செடிகளுக்கும் காலணிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: காலணியில் ஒட்டி வரும் மண்தான் சம்பந்தம். ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் ஈர மண்ணில் நீந்திப் போய், செடியின் மெல்லிய வேர்களை அழுகச் செய்யும். வேர் போனதும் தண்ணீர் ஏறாது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வறட்சியில் காய்ந்ததுபோல நிற்கும். பாங்க்சியா, புல்மரம் போன்ற ஆஸ்திரேலிய நாட்டுச் செடிகள் எளிதில் மடியும். ஒருமுறை மண்ணில் புகுந்துவிட்டால் பூங்காவிலிருந்து அதை முழுதாக ஒழிக்க வழியில்லை. பாஸ்பைட் என்ற மருந்துக் கரைசலை இலையில் தெளித்தோ தண்டில் ஊசியாகச் செலுத்தியோ செடியின் எதிர்ப்பைக் கூட்டலாம். நோய் வேகம் குறையும், நீங்காது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் உலர்ந்த பிரஷால் அடிப்பள்ளங்களில் உள்ள மண் முழுவதையும் எடுங்கள். அதன்பிறகே 7 பங்கு மெதிலேட்டட் ஸ்பிரிட், 3 பங்கு தண்ணீர் கலந்து, அடிப்பாகம் நனையத் தெளியுங்கள். பலரும் சேற்றின் மேலேயே தெளித்துவிட்டு நடக்கிறார்கள். சேற்றுக்குள் இருக்கும் கிருமியை ஸ்பிரிட் எட்டாது. வெளியே வரும்போதும் இதையே செய்யுங்கள். மண்வெட்டி, கூடார முளை, சைக்கிள் சக்கரம் எதுவும் விலக்கல்ல.

கேள்வி: அங்கே களை எடுக்கும் தன்னார்வலர்கள் களை மண்டிய இடத்தை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் பகுதியில் வேலை செய்கிறார்களே?

பதில்: சரியாகத்தான் செய்கிறார்கள். சிட்னியில் ஜோன், ஐலீன் பிராட்லி சகோதரிகள் 1960களில் வகுத்த முறை இது. நல்ல பகுதியில் நாட்டுச் செடிகளின் விதையும் வேரும் மண்ணில் உயிரோடு இருக்கும். இரண்டொரு களையை எடுத்து, கிளறிய இடத்தில் சருகைத் திரும்பப் பரப்பினால், அந்த இடத்தை அவையே நிரப்பும். மண்டிய பகுதியை ஒரே நாளில் வெட்ட வெளியாக்கினால் வெயிலும் வெற்று மண்ணும் அடுத்த களைக்குத்தான் விருந்து. நாட்டுச் செடி எவ்வளவு வேகமாக மீள்கிறதோ, அவ்வளவு வேகத்தில்தான் களையெடுப்பும் நகர வேண்டும்.

பிரைடல் கிரீப்பர் என்ற தென்னாப்பிரிக்கக் கொடி தனி ரகம். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம். மேலே இழுத்தால் கொடி கையோடு வரும்; பாய்போலப் பின்னிய கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே இருந்து மறுபடி துளிர்க்கும். பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவதால், காய் பழுக்கும் முன் கவனிக்க வேண்டும். அதை அடக்க ஒரு துரு நோய்ப் பூஞ்சையை 2000ஆம் ஆண்டிலிருந்து ஆஸ்திரேலியாவில் பரப்பி வருகிறார்கள். நிழலான, ஈரமான இடங்களில் அது நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: அடிலெய்டில் வீட்டில் வைத்த பாங்க்சியா, உரம் போட்டதும் இலை மஞ்சளாகி ஓரம் கருகுகிறது. ஏன்?

பதில்: பாஸ்பரஸ் மிகுதிதான் முதல் சந்தேகம். சத்தற்ற மண்ணில் வாழப் பழகிய இனம் அது. பிரஷ்போன்ற கொத்து வேர்களால் கிடைத்த பாஸ்பரஸையெல்லாம் உறிஞ்சும். போதுமென்று நிறுத்தத் தெரியாது. கோழி எருவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் நிறுத்துங்கள்.

கேள்வி: பூங்காவில் உதிர்ந்த விதையை எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே சேகரிக்கலாம். அவர்களும் முற்றிய விதையில் சிறு பங்கைத்தான், பல செடிகளிலிருந்து எடுப்பார்கள். ஒரே செடியில் எடுத்தால் மரபு வளம் குறுகிவிடும். பிறகு விதை வங்கியில் 15 டிகிரியில், 15 சதவீதக் காற்று ஈரப்பதத்தில் உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். சரியாக உலராத விதை உறைகுளிரில் செத்துவிடும்.