"குடிச்சது அவதானே?"

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் (23), மூன்று வாரம் முன்பு நண்பர்கள் விருந்தில் குடித்திருக்கிறாள். சுயநினைவில்லாத நேரத்தில் உடன் வேலை செய்பவன் பலாத்காரம் செய்துவிட்டான். "குடிச்சிட்டு யார் மேல புகார் கொடுக்கிறது?" என்கிறார் அத்தான். அவளுக்கும் பாதி நினைவில்லை. வழக்கு நிற்குமா?
- ஒரு சித்தி, திருச்சி

பதில்: நிற்கும். போதையில் என்ன நடக்கிறது என்றே புரியாத நிலையில் ஒரு பெண் "சரி" என்றிருந்தாலும் அது சம்மதமாகாது என்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு. தானாகவே குடித்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் விரும்பிக் குடித்தவன் "போதையில் தெரியாமல் செய்துவிட்டேன்" என்று தப்ப முடியாது. "அவன் எத்தனை பெக் போட்டான்னு ஏன் யாருமே கேட்கலை?" என்று அத்தானைக் கேளுங்கள்; அவள் இல்லாத நேரத்தில்.

இந்தப் பேச்சு வீட்டோடு நிற்பதில்லை. 2025-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவு ஒன்று, குடித்திருந்த மாணவி 'தானே வம்பை வரவழைத்துக்கொண்டார்' என்றது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது.

வேகமாகக் குடிக்கும்போது மூளை நினைவுகளைப் பதிவதே நின்றுபோகலாம். பார்ப்பவருக்கு நடந்து பேசிக்கொண்டிருப்பவர்போலத் தெரிந்தவருக்கும் மறுநாள் எதுவும் நினைவிருக்காது. அதனால் நினைவுள்ளதை மட்டும் அவள் எழுதி வைக்கட்டும். மற்றவர்கள் சொன்னதை வைத்து இடைவெளிகளை நிரப்பினால், குறுக்கு விசாரணையில் அவைதான் முரண்பாடாகும். குடித்ததை மறைக்கவே கூடாது. பார் பில்லோ போனில் எடுத்த வீடியோவோ வெளியே வந்தால், அவள் சொன்ன உண்மையையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

குற்றம் எங்கு நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியக்கூடிய 'ஜீரோ எஃப்ஐஆர்' ஆகத் திருச்சியிலேயே புகார் தரலாம். பெங்களூருக்கு மாற்றுவது போலீஸ் வேலை. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். ஏன் தாமதம் என்பதையும் புகாரிலேயே சொல்லிவிடுங்கள். சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால் அதை முதலில் கேட்டு வாங்கும்படி போலீஸிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், டாக்ஸி ஆப் விவரம் எதையும் அழிக்க வேண்டாம். அன்று போட்ட உடை துவைக்காமல் இருந்தால் காகிதப் பையில் வையுங்கள். பாலித்தீனில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

எச்ஐவி தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரமும் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு அதிகபட்சம் ஐந்து நாளும்தான் கெடு, இரண்டும் போய்விட்டன. இப்போது கர்ப்பப் பரிசோதனையும் எச்ஐவி பரிசோதனையும் செய்யுங்கள். எச்ஐவிக்கு மூன்றாம் மாதம் மறுபடியும். கரு தரித்திருந்தால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. தனியார் மருத்துவமனையானாலும் சிகிச்சை இலவசம், எஃப்ஐஆர் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது.

அலுவலகத்திலும் புகார் தருவதானால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. நீங்களும் அவசரப்படுத்த வேண்டாம். "உன்னை நம்புறேன்" என்று சொல்லிவிட்டு, பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் சகி மையம் பக்கத்தில் எங்கிருக்கிறதோ அங்கே ஆலோசகரும் வக்கீலும் கிடைப்பார்கள் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.