உறையில் இல்லாத பெயர்

கேள்வி: கோரஸ் பாடியவர்கள் யாராவது திரையிலும் நடித்திருக்கிறார்களா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அமெரிக்கக் கோரஸ் பாடகி டார்லின் லவ்! 1962-இல் 'ஹி இஸ் எ ரெபல்' பாட்டைப் பாடியவர் அவர்தான். இசைத்தட்டில் அச்சானதோ கிரிஸ்டல்ஸ் என்ற வேறொரு குழுவின் பெயர். பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. நான் வடபழனியில் பத்து ஆண்டுகள் கோரஸ் பாடியவள். ஆறு பேருக்கு ஒரே மைக். உரத்த குரல் என்று என்னைக் கடைசியில் நிறுத்துவார்கள். கேசட் உறையில் எங்கள் பெயர் வந்ததே இல்லை. (நம் எல்.ஆர். ஈஸ்வரியும் கோரஸில் தொடங்கியவர்தானே!)

வாய்ப்புக் குறைந்தபோது டார்லின் வீட்டு வேலைக்குப் போனார். ஒரு வீட்டில் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருக்கையில், வானொலியில் அவர் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டே ஒலித்தது. மறுபடி பாடவே திரும்பிவிட்டார். 1987-இல் 'லீத்தல் வெப்பன்' படத்தில் டேனி குளோவரின் மனைவியாக நடித்தார். அடுத்த மூன்று பாகங்களிலும் அவரே.

2014-இல், அவரும் இடம்பெற்ற, கோரஸ் பாடகர்களைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வென்றபோது, மேடையேறிய அவர் நன்றியைப் பாட்டாகவே சொன்னார். இங்கே திங்கட்கிழமைக் காலை. தொலைக்காட்சி முன் நானும் எழுந்து நின்றேன்.