அறுபதுக்கு முன்னால் வேலையை விடலாமா? டர்பன் தமிழர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓய்வூதிய நிதி அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அதனால் கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். மூன்று வயதுகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். 55-ல் பெரும்பாலான பென்ஷன் ஃபண்டுகளிலிருந்து ஓய்வு பெறலாம். 60-ல் அரசின் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 65-ல் வருமான வரியில் மூத்தோருக்கான கூடுதல் கழிவு கிடைக்கும்.

அண்ணா, நான் சாட்ஸ்வொர்த்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 57, சர்வீஸ் 30 வருஷம், சம்பளம் மாதம் 40,000 ராண்ட். முழங்கால் வலியால் வகுப்பில் நிற்கவே முடியவில்லை. இப்போதே போனால் எவ்வளவு இழப்பேன்?

தங்கச்சி, அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில், 60-க்கு முன்னால் போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுவார்கள். வருஷத்துக்கு 4 சதவீதம், உங்களுக்கு 12 சதவீதம். வருஷச் சம்பளம் 480,000. அதை 55-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கி 360 ராண்ட் சேர்த்தால் 262,178. வெட்டுக்கு அப்புறம் மாதம் சுமார் 19,200 கையில் வரும், அதுவும் வரிக்கு முன்னால்.

பலரும் இந்த 12 சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். 60 வரை இருந்தால் வெட்டு கிடையாது, சர்வீஸும் 33 ஆகிவிடும். சம்பளம் ஒரு ராண்ட் கூட ஏறாவிட்டாலும் மாதம் சுமார் 24,000 வரும். அதாவது வித்தியாசம் மாதம் 4,800, ஆயுள் முழுக்க. அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது முழங்கால்தான். உடல்நிலை காரணமாகத் துறையே விடுவிக்கும் ஓய்வு வேறு வகை, அதில் இந்த வெட்டு இல்லை. மருத்துவ அறிக்கைகளோடு துறை மூலமாக விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பீடு முடிய நாளாகும். அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல் சாதாரண முன் ஓய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 2024 அக்டோபரில் நிதியமைச்சர் கொடோங்வானா, அரசு ஊழியர்களின் முன் ஓய்வுக்காக 1,100 கோடி ராண்ட் ஒதுக்குவதாக அறிவித்தார். அந்த வழி இன்னும் திறந்திருக்கிறதா என்றும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அது உரிமை அல்ல, துறை சம்மதித்தால்தான் உண்டு.

எனக்கு 56. ஜேக்கப்ஸில் ஃபேக்டரி வேலை. பென்ஷன் ஃபண்டில், 2024 செப்டம்பருக்கு முன் சேர்ந்த பழைய பணம் 9 லட்சம் ராண்ட் இருக்கிறது. ராஜினாமா செய்தால் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

எடுக்கலாம் தம்பி. ஆனால் எடுக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

வேலையை விடும்போது ஃபண்ட் ஒரு படிவம் தரும். அதில் வெளியேறும் காரணம் என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். ராஜினாமா கட்டத்தில் டிக் போட்டால் ஒரு வரிப் பட்டியல், ஓய்வு கட்டத்தில் போட்டால் வேறொரு பட்டியல். 2025-26 கணக்குப்படி, ராஜினாமாவில் முதல் 27,500-க்குத்தான் வரி இல்லை. 9 லட்சத்தையும் எடுத்தால் 172,710 ராண்ட் வரியாகவே போய்விடும். ஓய்வு என்றால் முதல் 550,000-க்கு வரி இல்லை. மூன்றில் ஒரு பங்கான 3 லட்சத்தை ரொக்கமாக எடுத்தால், இதற்கு முன் எதுவும் எடுத்திருக்காவிட்டால், வரி பூஜ்ஜியம். மீதி 6 லட்சம் மாதப் பென்ஷனாக வரும். உங்களுக்கு 55 தாண்டிவிட்டதால் ஓய்வுக் கட்டம் திறந்திருக்கிறதா என்று ஃபண்ட் விதியைக் கேளுங்கள்.

மொத்தமாக வந்த பணம் மகள் கல்யாணத்துக்கும் கொல்லைப்புற அவுட்பில்டிங்குக்கும் போனதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கல்யாணம் நல்லபடியாகவே நடந்திருக்கும். ஆனால் அப்பாவுக்கு 62 வயதில் செக்யூரிட்டி வேலை.

வீட்டுக்காரருக்கு 58. கம்பெனியில் ஆட்குறைப்புப் பேக்கேஜ் தருகிறார்கள். அதுவும் பென்ஷனும் தனித்தனிதானே?

வரிக்கணக்கில் தனித்தனி இல்லையம்மா. அந்த 550,000 விலக்கு ஆயுளுக்கு ஒரே முறைதான். ஆட்குறைப்புப் பணமும் ஃபண்ட் ரொக்கமும் அதே விலக்கைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். பேக்கேஜில் 4 லட்சம் வந்தால் ஃபண்ட் ரொக்கத்துக்கு மிஞ்சுவது ஒன்றரை லட்சம் விலக்குதான்.

டூ-பாட் (ஃபண்டில் கட்டும் பணத்தை இரண்டு பையாகப் பிரிக்கும் முறை) சேமிப்புப் பங்கை எடுத்து வீட்டு பாண்டை, அதாவது வீட்டுக் கடனை, அடைத்துவிட்டு ஓய்வு பெறலாமா?

2024 செப்டம்பர் 1 முதல் நீங்கள் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பையில் சேர்கிறது. வேலையில் இருக்கும்போது எடுத்தால் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். ஓய்வு நாள்வரை விட்டுவைத்தால் ஓய்வுப் பட்டியலின் வரிதான். பாண்ட் பாக்கி இருக்கும்போது முன் ஓய்வே வேண்டாம் என்பது என் கருத்து.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் மிகவும் இழுக்கிறது ஐயா. ஓய்வுக்குப் பிறகு ஓரிரு வருஷம் நிறுத்திவிட்டுப் பிறகு சேரலாமா?

கூடவே கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை பணம் தராமல் இருக்கலாம். நம் வீடுகளில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாதவர் யார்? தாமதமாகச் சேர்ந்தவர் என்ற அபராதமும் கூடலாம், அது ஆயுளுக்கும் தொடரும். கம்பெனித் திட்டத்தில் இருந்தால் ஓய்வுக்குப் பின்னும் உறுப்பினராகத் தொடர உரிமை உண்டு. ஆனால் கம்பெனி கட்டிவந்த பாதியை யார் கட்டுவது? அதை எழுத்தில் வாங்குங்கள். முன் ஓய்வைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு பிடித்தம்தான். கட்ட முடியாவிட்டால் அதே திட்டத்தில் மலிவான பிளானுக்கு இறங்குங்கள், வெளியே வராதீர்கள்.

மாதாமாதம் எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பேப்பரில் போட்டால் எல்லாருக்கும் சரியாகத்தான் வரும். வேலையில் இருக்கும்போதே, வரப்போகும் பென்ஷன் தொகையில் மட்டும் ஆறு மாதம் வாழ்ந்து பாருங்கள். மீதிச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். அந்த ஆறு மாதத்தில் தீபாவளியோ தைப்பூசக் காவடியோ வரட்டும், அப்போதுதான் உண்மை தெரியும். லிவிங் அன்யுவிட்டி (பணத்தை முதலீட்டில் வைத்து அதிலிருந்தே பென்ஷன் எடுக்கும் வகை) எடுப்பவர்கள் வருஷத்துக்கு 2.5 முதல் 17.5 சதவீதம் வரை எடுக்கலாம். 12 லட்சத்தில் 5 சதவீதம் எடுத்தால் மாதம் 5,000 ராண்ட். உயர்ந்தபட்சத்தை எடுத்தால் மாதம் 17,500 வரும், ஆனால் அசல் பணம் வேகமாகக் கரைந்துவிடும்.

வெருலத்தில் சின்னக் கடை, பென்ஷன் கிடையாது, வயது 59. அடுத்த வருஷம் அரசின் முதியோர் கிராண்ட் வரும், கடையை மூடலாமா?

அண்ணே, 60 ஆனதும் தானாக வராது. சாசாவில் (அரசு உதவித்தொகை அலுவலகத்தில்) விண்ணப்பிக்க வேண்டும், கணவன் மனைவி இருவருடைய வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 2025-ல் தொகை 2,300 ராண்ட் அளவில்தான் இருந்தது. பணம் கைக்கு வந்து சேர்ந்த பிறகு கடையைப் பற்றி யோசியுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கில் ஐடி வேலை, வேலை விசா. 50 வயதில் கோயம்புத்தூருக்கே திரும்புகிறேன். இங்கே ரிட்டயர்மென்ட் அன்யுவிட்டியில் (சொந்தமாகச் சேர்க்கும் ஓய்வு நிதியில்) கட்டிய பணம் என்ன ஆகும்?

விசா முடிந்து நாட்டை விட்டுப் போகிறவர் 55 வரை காத்திருக்காமல் எடுக்கலாம். ராஜினாமா வரிப் பட்டியல்தான் பொருந்தும். நிரந்தர வசிப்புரிமை வாங்கியிருந்தால் கதை வேறு: வரிக்கணக்கில் இந்நாட்டவர் அல்ல என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். எதுவானாலும் இங்கே இருக்கும்போதே சார்ஸில் (வரித் துறையில்) பழைய வரிக்கணக்குகளை முடித்துவிட்டுக் கிளம்புங்கள் தம்பி. பாக்கி இருந்தால் ஃபண்ட் பணத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள்.