மாடி போனில் மட்டும் இரைச்சல்

கேள்வி: எங்கள் நூல் கமிஷன் அலுவலகத்தில் எட்டு இன்டர்காம் போன்கள். போன்களை ஒன்றோடொன்று இணைக்கும் புது இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி வைத்தும் மாடியில் இரண்டு போன்களில் ‘உம்’மென்று இரைச்சல். ஒன்றில் பேசுவது மற்றதில் லேசாகக் கேட்கிறது. பெட்டி கோளாறா?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்த இரண்டில் ஒரு போனைப் பெட்டிக்கே கொண்டுபோய், அதன் இணைப்பிலேயே சின்ன ஒயரால் மாட்டிப் பேசிப் பாருங்கள். சுத்தமாகக் கேட்டால் பெட்டி நல்ல பெட்டி. கோளாறு ஒயரில்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஜோடி மாறியிருக்கும் என்றே தோன்றுகிறது. டெலிபோன் கேபிளுக்குள் ஒயர்கள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். இரைச்சலைத் தடுப்பதே அந்த முறுக்குதான். ஒரு ஜவுளிக்கடையில் நான் ரோசெட் (சுவரில் போன் ஒயரை மாட்டும் சின்னப் பெட்டி) மூடியைக் கழற்றியபோது, நீல ஒயரோடு அதன் ஜோடியான வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சு ஒயரின் ஜோடியான வெள்ளையைச் சேர்த்திருந்தார்கள். உறையை நீளமாக உரித்ததில் இரண்டு வெள்ளையும் கலந்துவிட்டன. மணி அடிக்கும், பேசலாம், ஆனால் அடுத்த லைன் காதில் விழும். சரியான ஜோடிக்கு மாற்றிப் பொருத்திய உடனே சத்தம் நின்றது. அதனால் உறையை இரண்டு அங்குலத்துக்கு மேல் உரிக்க விடாதீர்கள்.

அப்புறம், கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைத்திருந்தால் தயவுசெய்து பிரித்துவிடுங்கள். இரைச்சலை விடுங்கள், அது ஆபத்து. ஒரு அடி தள்ளித் தனிப் பைப்பில் போகட்டும். குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகக் கடக்கட்டும். பெட்டிக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வேலை செய்யும்போது லைனை வெறும் கையால் தொட வேண்டாம். சும்மா இருக்கையில் 48 வோல்ட்தான். மணி அடித்தால் நன்றாகவே உதறும்.