முதல் பிரசவம் 32 வாரத்தில், இப்போது 14 வாரம்: படுத்தே இருக்கணுமா?

வேண்டாம். முழுநேரமும் படுத்திருந்தால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் கட்டும் அபாயம்தான் கூடும். மாமியார் அக்கறையில்தான் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை, சரி. ஆனால் வீட்டுக்குள் வழக்கம்போல நடமாடலாம்.

போன தடவை வலி வருவதற்கு முந்தைய வாரம் நீர்க்கடுப்பு இருந்தது என்கிறீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். சிறுநீர்த் தொற்று முற்றினால் பிரசவ வலியைக் கிளப்பிவிடும். கர்ப்பத்தில் எரிச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும். பார்லித் தண்ணீர் குடித்தால் இதமாக இருக்கும், கிருமி போகாது.

1. இப்போதே யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கேளுங்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள்.

2. 16 முதல் 24 வாரத்துக்குள் கர்ப்பப்பை வாய் நீளத்தை உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது) அளக்கச் சொல்லுங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால், மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது நீளம் கூடுதலாகத் தெரியும். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தா, கர்ப்பப்பை வாயில் தையலா என்று டாக்டர் முடிவு செய்வார்.

ஒன்று மட்டும்: முதல் தடவை பிபி ஏறி டாக்டரே குழந்தையை முன்கூட்டி எடுத்திருந்தால் கதையே வேறு. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், விட்டுவிட்டு வயிறு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.